காஞ்சியில் கட்டியவர் முகம்

காஞ்சிபுரத்தின் மேற்கு விளிம்பில், நெரிசலான கடைவீதிகளைத் தாண்டிய பிறகு கைலாசநாதர் கோயில் வருகிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் ராஜசிம்மன் எழுப்பிய கற்றளி இது. திருச்சுற்றின் நான்கு பக்கமும் மதிலை ஒட்டி 58 சிறு கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முகப்பை நின்று பார்த்தால் கல்லில் எழுத்து ஓடுவது தெரியும். அவை எல்லாம் ராஜசிம்மனின் விருதுப் பெயர்கள், இருநூறுக்கும் மேற்பட்டவை. வீணை வாசிப்பில் நாரதன், இசைக்கருவியில் தும்புரு என்று அரசனைக் கலைஞனாகவே பாராட்டும் பெயர்களும் அவற்றில் உண்டு. முன்வரிசைச் சிறு கோயில்களில் ஒன்றைக் கட்டுவித்த அரசி ரங்கபதாகையின் பெயர் அங்கே இருக்கிறது. முன்னால் ஒரு சன்னிதி எழுப்பிய இளவரசன் மகேந்திரனின் பெயர் இருக்கிறது. காஞ்சியை வென்ற சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன்கூட மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறான்: இக்கோயிலின் செல்வத்தைப் பார்த்து, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பித் தந்தான் என்பது செய்தி. அரசன், அரசி, மகன், பகைவன் எல்லோருக்கும் இடம் கிடைத்த இந்தச் சுவர்களில், கோயிலை அளந்து கோடு போட்டு, ஆள் திரட்டி, அடித்தளத்திலிருந்து சிகரம் வரை நடத்திக் கொடுத்த பெருந்தச்சரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கத்தில் இருக்கின்றன. நம் சிற்பிகள் தன்னடக்கம் மிக்கவர்கள், இறைவன் முன் தங்கள் பெயரை அழித்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. கைவினைஞனை இந்தச் சமூகம் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை, அதனால் பெயர் போடவில்லை என்பது மற்றொன்று. முதலாவது பெருமைப்பட வசதியானது, இரண்டாவது கோபப்பட வசதியானது. காஞ்சியின் கோயில்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, வெளியூர்ச் சான்றுகளையும் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே போதாமல் போகின்றன. கட்டடக் கலைஞனின் முகமும் பெயரும் வெளியே தெரிவது அவனுடைய மதிப்பைக் காட்டும் அளவுகோல் அல்ல; அவனை அறியாதவர்களிடம் அவன் வேலை கேட்க வேண்டியிருந்ததா என்பதைக் காட்டும் அடையாளம். இதுதான் என் வாதம். இதைத் தெளிவாக்க, காஞ்சிக்கு நேர் எதிரான ஓர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கட்டடக் கலைஞர்கள் தங்களை ஓவியமாக வரையச் செய்தார்கள். அவர்களில் மிகவும் புகழோடு இருந்தவர் ராபர்ட் ஆடம். 1728இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இத்தாலிக்குப் போய்ப் பழைய ரோமானிய இடிபாடுகளை அளந்து, 1764இல் டயோக்ளீஷியன் அரண்மனையைப் பற்றிப் பெரிய படநூல் ஒன்றை வெளியிட்டவர். பிரபுக்களின் மாளிகைகளில் மேற்கூரைச் சுதை வேலை முதல் கதவுப் பிடி வரை அவர் பாணியே வேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் உள்ள அவருடைய தைல ஓவியம் 1770களின் முற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அந்த ஆண்டுகள் அவருக்கு எப்படிப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். 1768இல் அவரும் சகோதரர்களும் தேம்ஸ் கரையில் அடெல்ஃபி என்ற பெரும் குடியிருப்புத் திட்டத்தைத் தங்கள் சொந்தப் பொறுப்பில் தொடங்கினார்கள். 1772இல் வங்கிகள் சரிந்தபோது அதில் மாட்டிக்கொண்டார்கள். 1774இல் லாட்டரி நடத்தித்தான் மீள முடிந்தது. இதற்கிடையே 1773இல் தங்கள் கட்டடங்களின் படநூலையும் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கினார்கள். கடனும் நூலும் ஓவியமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. நம்பிக் கொடுக்கலாம் என்று ஒரு முகம் சொல்ல வேண்டியிருந்த நேரம் அது.

அடுத்த தலைமுறையில் ஜான் சோன் இன்னும் தெளிவான உதாரணம். செங்கல் கொத்தனாரின் மகனாக 1753இல் பிறந்தவர் அவர். குடும்பப் பெயரின் எழுத்தில்கூட ஒன்றைக் கூட்டிக்கொண்டார். முதுமையில் தாமஸ் லாரன்ஸ் என்ற பெரும் ஓவியரிடம் உட்கார்ந்து வரையப்பட்ட படம் அவர் வீட்டிலேயே, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இடத்தில், இருக்கிறது. லண்டனின் ரீஜென்ட் வீதியை வகுத்த ஜான் நாஷையும் அதே லாரன்ஸ் வரைந்திருக்கிறார். கரணை பிடித்த கையிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டி, பிரபுவின் சாப்பாட்டு மேசையில் சமமாக உட்கார வேண்டிய தேவை இந்தத் தொழிலுக்கு அப்போதுதான் வந்தது. உருவப்படம் அந்தத் தேவைக்குப் பயன்பட்டது. அடெல்ஃபியின் செங்கலை அடுக்கிய கொத்தனார்களுக்கு லண்டனிலும் படம் கிடையாது. கீழ்நாட்டில் சிற்பிக்கு முகமில்லை, மேல்நாட்டில் இருந்தது என்று பொதுப்படச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லண்டன் எங்கே, காஞ்சி எங்கே என்று கேட்கலாம். தூரம் அவ்வளவு இல்லை. ஆடமின் அந்த ஓவியத்தை வரைந்தவராகக் கருதப்படும் ஜார்ஜ் வில்லிசன் 1774இல் சென்னைக்கு வந்து, 1780 வரை இங்கே இருந்து, ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவை வரைந்தவர். காஞ்சிபுரம் அந்த நவாபின் நாட்டைச் சேர்ந்த ஊர். 1763இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்த செங்கல்பட்டுச் சீமைக்குள் அடங்கியது. கழுத்தணிகளோடும் உடைவாளோடும் நிற்கும் நவாபின் படங்கள் லண்டனுக்கும் போயின. தன்னைப் பார்த்திராதவர்கள் தன் கடனையும் அரசுரிமையையும் பற்றி முடிவெடுக்கும் நிலையில் இருந்த அரசர் அவர். முகத்தைக் கப்பலேற்றி அனுப்ப வேண்டியிருந்தது. ஆடமுக்கும் நவாபுக்கும் ஒரே தூரிகை பயன்பட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: இருவருமே அந்நியரின் நம்பிக்கையைக் கேட்டு நின்றார்கள்.   

இனிக் காஞ்சிக்குத் திரும்பலாம். பல்லவர்களுக்கு உருவப்படம் என்ற எண்ணமே இல்லை என்று சொல்ல முடியாது. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் பல்லவ அரசர்களான சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் அரசியரோடு இருக்கிறார்கள், மேலே பெயர் பொறித்திருக்கிறது. காஞ்சி நகருக்குள்ளேயே வைகுந்தப்பெருமாள் கோயிலில் சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்றுச் சுவர் முழுவதும் பல்லவ வம்சத்தின் கதை சிற்பமாக ஓடுகிறது. வாரிசு இல்லாமல் அரியணை காலியானபோது ஊர்ப் பெரியவர்களும் கடிகை என்ற கல்வி நிலையத்தாரும் தூது போனது, பன்னிரண்டே வயதான பிள்ளை நந்திவர்மனாக முடிசூடியது எல்லாம் கட்டம் கட்டமாக வருகின்றன. சில கட்டங்களின் கீழே விளக்கமும் எழுதியிருக்கிறது. மணற்கல் அரித்து முகங்கள் மழுங்கிவிட்டன. இவற்றை முறையாகப் படித்து விளக்கிய வரலாற்றாய்வாளர் மீனாட்சியின் நூல் அவர் இளவயதில் இறந்த பிறகு, 1941இல் வெளிவந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினால்தான் பல கட்டங்கள் புரியும். இந்தச் சிற்பங்கள் எதற்காக என்பதுதான் இங்கே முக்கியம். நந்திவர்மன் நேர் வாரிசு அல்ல. வேறு கிளையிலிருந்து அழைத்து வரப்பட்டவன். அவன் உரிமையைக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆகவே முகம் வேண்டியிருந்தது, வம்ச வரிசை வேண்டியிருந்தது. அந்தச் சுவரைச் செதுக்கியவருக்கோ யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. அவர் யார், யாருடைய மகன், எந்தக் கோயிலில் கை பழகினார் என்பதெல்லாம் வேலை கொடுத்தவனுக்குத் தெரியும்.

அப்படியானால் சிற்பி ஊரைத் தாண்டும்போது என்ன நடந்தது? காஞ்சியை வென்ற விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி, கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலை எழுப்பினாள். கைலாசநாதரைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவருக்குக் காஞ்சியின் சாயல் உடனே தெரியும். அந்தக் கோயிலின் கல்வெட்டு, காஞ்சியை மும்முறை வென்ற அரசனுக்காக இதைக் கட்டியவர் குண்டன் என்று பெயர் சொல்லி, அவருக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் கொடுத்ததையும் பதிவு செய்கிறது. இன்னொரு கல்வெட்டு சர்வசித்தி ஆசாரி என்பவரைத் தென்திசைச் சூத்திரதாரி என்று சொல்லி, கட்டடம், வாகனம், இருக்கை, கட்டில், மணிமுடி எல்லாவற்றிலும் வல்லவர் என்று புகழ்கிறது. இருவரும் ஒருவரே என்பாரும் உண்டு. இவர்கள் காஞ்சியிலிருந்து போனவர்களா, சாளுக்கிய நாட்டின் தென்பகுதியைச் சேர்ந்தவர்களா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அந்தச் சாயலை மட்டும் வைத்துக் காஞ்சிக்காரர் என்று உரிமை கொண்டாடுவது அவசரம். ஆனால் எந்தத் திசைக்காரர் என்று சொல்லி அறிமுகப்படுத்த வேண்டிய ஒருவர் அங்கே இருந்தார் என்பது உறுதி. தெரிந்தவரை யாரும் திசை சொல்லி அறிமுகப்படுத்துவதில்லை.

இதே கணக்கு எட்டு நூற்றாண்டுகள் கழித்தும் ஒத்துவருகிறது. ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம், ஏறத்தாழ 190 அடி உயரம், 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. காஞ்சிக்குள் எங்கே நின்றாலும் கண்ணில் படும் இந்தக் கோபுரத்தைப் பற்றிப் பேசும்போது அரசரின் பெயர்தான் வரும். அதே அரசரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சிதம்பரம் வடக்குக் கோபுரத்துக்குப் போனால் வாயிலின் உட்புறத்தில் ஸ்தபதிகளே சிலையாக நிற்கிறார்கள், பெயரோடு: விருத்தகிரியைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர், அவர் மகன் விசுவமுத்து, திருமருங்கன் என்ற ஆசாரி, அவர் தம்பி காரணாச்சாரி. தமிழ்நாட்டில் கட்டடக் கலைஞருக்கு ஆடமின் ஓவியத்தோடு ஒப்பிடத்தக்க உருவம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். விருத்தகிரி என்பது விருத்தாசலம். சிதம்பரத்துக்கு அது பக்கத்து ஊர் என்றாலும் வேற்றூர்தான். மகன், தம்பி என்று உறவையும் சேர்த்துப் பொறித்திருப்பதால் குடும்பத்தின் தொழில் உரிமையையும் சேர்த்தே அந்தச் சிலைகள் அறிவிக்கின்றன என்பது என் ஊகம்.

என் வாதத்துக்கு எதிராக மூன்று தடைகளை எழுப்பலாம், மூன்றும் கனமானவை. முதலாவது தஞ்சாவூர். 1010இல் முடிந்த ராஜராஜேச்சரத்தின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. சொந்தத் தலைநகரில், சொந்த அரசனிடம் வேலை செய்தவருக்கு ஏன் பெயர் வந்தது? அந்தக் கல்வெட்டுகளின் இயல்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். கோயிலுக்குக் கொண்டுவந்த நானூறு தளிச்சேரிப் பெண்களுக்கும் பெயர், வந்த ஊர், குடியிருக்கும் தெரு, வீட்டு எண் வரை எழுதி வைத்த அரசன் ராஜராஜன். விளக்குக்கு ஆடு கொடுத்தவர் முதல் நாவிதர் வரை எல்லோரும் அங்கே பதிவாகிறார்கள். பெருந்தச்சரின் பெயர் அந்தக் கணக்கின் ஒரு வரி. அது மதிப்பைக் காட்டுகிறது, சந்தேகமில்லை. அரசன் தன் பெயரையே அவருக்கு முன்னால் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். ஆனால் சிதம்பரத்துச் சிலை போல எதிரே வருகிறவரைப் பார்த்துப் பேசும் பெயர் அல்ல அது.

இரண்டாவது தடை பூஞ்சேரி. மாமல்லபுரத்துக்கு அருகே இந்த ஊர்ப் பாறையில் பல்லவர் கால எழுத்தில் குணமல்லன், கேவாத பெருந்தச்சன், கலியாணி, கொல்லன் சேமகன் என்று தொழிலாளர் பெயர்கள் பொறித்திருக்கின்றன. யாரிடமும் வேலை கேட்காத இடத்தில் ஏன் எழுதினார்கள்? தன்னடக்கக் கோட்பாட்டை இந்தப் பாறை ஒன்றே முடித்துவிடுகிறது. பெயர் பொறிக்கும் ஆசை அவர்களுக்கும் இருந்தது. என் வாதத்துக்கும் இது ஒரு திருத்தம் செய்கிறது. அந்நியருக்கு முன் மட்டுமல்ல, சக தொழிலாளிக்கு முன்னும் பெயர் தேவைப்படும். கோயில் சுவர் அரசனும் இறைவனும் பேசும் இடம். கல்லுடைத்த பாறை கொல்லனும் தச்சனும் தங்களுக்குள் பேசும் இடம். அந்தப் பாறையைச் சிற்பிகளின் சொந்தச் சபை என்றே சொல்லலாம். அங்கே அவர்களுக்கு முகம் தேவைப்படவில்லை. ஒருவரையொருவர் தினமும் பார்த்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது தடைதான் எளிதில் தள்ள முடியாதது: சாதி. கொங்கு நாட்டில் கைவினைச் சாதியினரான கம்மாளர்களுக்குச் சோழர் காலத்தில் சில உரிமைகள் வழங்கப்பட்டதாகக் கல்வெட்டு உண்டு: நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். உரிமையாக வழங்கப்பட்டது என்றால் அதுவரை இல்லை என்று பொருள். அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் சாந்து பூசத் தெரிந்தவன் தன் வீட்டுக்குப் பூசிக்கொள்ள அரசாணை வர வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டுச் சமூகம் சிற்பியை மதித்தது என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. ஆனாலும் ஒதுக்கப்பட்டதால்தான் காஞ்சியில் பெயர் இல்லை என்ற முடிவு இதிலிருந்து வராது. அதே சமூகத்தில்தான் குண்டனுக்குப் பட்டம் கிடைத்தது, பெருந்தச்சருக்கு அரசன் பெயர் கிடைத்தது, விசுவமுத்துவுக்குச் சிலை கிடைத்தது. அவமதிப்பு இருந்தது, அது பெயரின்மைக்குக் காரணம் அல்ல. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் அவமதிப்பையும் சரியாக எழுத முடியாது, திறமையையும் சரியாக எழுத முடியாது.

வரதராஜப்பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போனால் பெயரில்லாத சிற்பி எப்படிப் பேசினார் என்பது தெரியும். விஜயநகரக் காலத்து மண்டபம். அதன் கூரை மூலையிலிருந்து கல் சங்கிலி தொங்குகிறது. வளையத்துக்குள் வளையம், எங்கும் ஒட்டு இல்லை. நீண்ட ஒரே கல்லை எடுத்து, வளையத்தின் உட்புறக் கல்லை உளியால் சிறிது சிறிதாகத் தின்று எடுத்து, ஒவ்வொன்றையும் விடுவித்திருக்கிறார்கள். கடைசி வளையத்தில் கல்லோட்டம் தப்பினாலும் முழு உழைப்பும் வீண். கூரைக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை, வழிபாட்டிலும் இதற்கு வேலை இல்லை. இது மற்றொரு சிற்பியைப் பார்த்து விடுத்த சவால். ஸ்தபதிகளிடையே ஒரு வழக்கு உண்டு: கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி போன்றவை நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். செய்தவன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரும் உறுப்பும் இருக்கின்றன. தொழிலுக்குள் புகழ் பரவிய முறை இதுதான். ராபர்ட் ஆடமைப் பற்றிப் பேசும்போது நாம் ஆளைச் சொல்லி வேலைக்கு வருகிறோம். இங்கே வேலையைச் சொல்லி அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஏனென்றால் கேட்பவனும் அதே தொழில்காரன்.

இந்த அகவட்டத்தின் பேச்சை முதன்முதலில் லண்டனுக்குக் கொண்டுபோனவர் தஞ்சாவூரில் பிறந்த ராம்ராஸ். பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். மானசாரம் முதலிய சிற்ப நூல்களைத் திரட்டி, அவற்றின் சொற்களுக்குப் பொருள் காண வடமொழிப் புலவரையும் கம்மாளரையும் சேர்த்துவைத்துப் படித்து, தெற்கத்திக் கட்டடக் கலையைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்த பிறகு, 1834இல், ராயல் ஏசியாடிக் சொசைட்டி வெளியீடாக வந்தது. ஆடம் ரோமானிய இடிபாடுகளை அளந்து வந்து புகழ் பெற்ற அதே நகரத்தில், நம் அதிஷ்டானமும் தூண் உறுப்புகளும் விகிதக் கணக்கோடு முதன்முறையாக அச்சேறின. அந்நியரிடம் பேச நேர்ந்ததும் இங்கும் எழுத வேண்டியிருந்தது, படம் வரைய வேண்டியிருந்தது. நம் காலத்தில் கணபதி ஸ்தபதியின் முகம் எல்லோருக்கும் தெரியும். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியை நடத்தியவர், கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை நிறுத்தியவர், கடல் கடந்து கோயில் கட்டியவர். அவருடைய முன்னோர் அவரைவிடத் திறமை குறைந்தவர்கள் என்பதால் முகமில்லாமல் போகவில்லை. அவருக்கு வேலை கொடுத்தவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள்.

காஞ்சியில் இந்த மாற்றம் இப்போது நடப்பது தறியில். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலையில் தறிச் சத்தம் கேட்கும். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார வேண்டும். கரையும் உடலும் சேரும் இடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தே யார் தறி என்று ஊர்க்காரர் சொல்லிவிடுவார்கள். வெளியே போகும்போது அந்த ஆளின் பெயர் போவதில்லை. காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயர் போகிறது. 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு அந்த ஊர்ப்பெயரைச் சட்டத்தால் காப்பாற்ற வந்தது. ஆனால் விசைத்தறிச் சேலையும் போலி ஜரிகையும் அதே ஊர்ப்பெயரில் விற்கத் தொடங்கிய பிறகு, ஊர்ப்பெயர் மட்டும் போதவில்லை. வாங்குகிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து திரையில் பார்த்து வாங்குகிறார். நகத்தால் நெருட அவருக்கு வழியில்லை. ஆகவே சேலையோடு நெய்தவரின் படத்தையும் போட்டு விற்கும் வழக்கம் வந்திருக்கிறது. இதைப் பலர் நெசவாளருக்குக் கிடைத்த மரியாதை என்று கொண்டாடுகிறார்கள். மரியாதைதான் என்றால் கூலியில் தெரிய வேண்டும். அடெல்ஃபி சரிந்த ஆண்டுகளில் ஆடமுக்கு எது தேவைப்பட்டதோ அதுதான் இன்று பிள்ளையார்பாளையத்துக்கும் தேவைப்படுகிறது. ஆடமின் படம் ஆடமுக்காக உழைத்தது. இந்தப் படங்கள் நெய்தவருக்காக உழைக்கின்றனவா, விற்பவருக்காகவா என்பதை ஒரு சேலைக்கு எவ்வளவு கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். வாங்குகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.